மேல்கணக்குக்கு ஓர் அறிவித்தல்

அந்தப் புதன்கிழமை பின்னேரம் யோகராஜின் குரலை ஒலிபரப்பிவிட்டுப் பஸீஹா தேநீர் ஊற்றப் போனாள். கோப்பையைக் கழுவி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லயங்களில் ஒரு சனம் இல்லை, எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார்கள், மலை வருகிறதாமே, வானொலியில் சொன்னீர்களாமே என்று கேட்டது மறுமுனை.

நாங்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று பஸீஹா சொன்னாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

குன்றொலி வானொலி தெல்தோட்டைக் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறைகள். உள்ளறையின் சுவர்களில் பழைய மெத்தைப் பஞ்சை ஒட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் அது ஈரம் குடித்துப் புளித்த மணம் வீசும். அந்த வானொலிக்குக் கண்டி நகரம்கூட ஒழுங்காகக் கேட்காது. ஆனால் அதைச் சுற்றியிருந்த மலைகளில் அது இல்லாமல் ஒரு நாள் விடியாது. ஜனாஸா, மரண அறிவித்தல், கோயில் திருவிழா, தொலைந்த பசு, கண்டி பஸ் எங்கே பழுதாகி நிற்கிறது, தோட்டத்தின் எந்தப் பிரிவில், எந்தக் கணக்கில் தண்ணீர் வராது என்பதெல்லாம் அதில்தான் வரும். யாரோ வெளிநாட்டார் கொடுத்த கருவிகளோடு தொடங்கி, அவர்கள் போன பிறகும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. வருகிற ஆண்டு அதற்கு இருபத்தைந்து வயது. அதற்காகத்தான் பஸீஹா ஒவ்வொரு புதனும் நிலையத்தின் கதையைத் தொடராகச் சொல்லி வந்தாள். பழைய ஒலிநாடாக்களைத் துடைத்து, கேட்டு, நல்ல இடங்களை வெட்டி எடுத்துச் சேர்த்தாள்.

யோகராஜ் இல்லாமல் அந்தக் கதை இல்லை. மேல்கணக்கில் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்து, பிறகு குன்றொலியின் முதல் அறிவிப்பாளராக ஆனவர். வாசிக்க மாட்டார், பேசுவார். மலைத்தண்ணீர் குழாயில் வந்து விழும் பீலிக்கரையில் குடத்தோடு நிற்கும் பெண்களிடம் பேசுவது போல இருக்கும். சில வருடங்களுக்கு முன்பு நெஞ்சுவலி வந்து பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் போய்விட்டார். பஸீஹா அவரோடு ஒரு வருடம்தான் வேலை செய்திருந்தாள்.

அவள் அன்று ஒலிபரப்பியது அவர் முன்னொரு மழைக்காலத்தில் விடுத்த அறிவித்தல். "மேல்கணக்கு சனங்களே, யோகராஜ் பேசுறேன். சாமான எடுக்க வேணாம். பிள்ளைகள எடுங்க. பள்ளிக்கூடத்துக்குப் போங்க. இப்பவே போங்க." அந்த முறை லயங்களுக்குப் பின்னாலிருந்த தேயிலைச் சரிவு இறங்கி, கோடியிலிருந்த இரண்டு காம்பராக்களை, ஒற்றையறை வீடுகளை மூடியது. ஓர் உயிரும் போகவில்லை. நிலையத்தின் கதையில் இதைவிடப் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாடாவைப் போடுவதற்கு முன் இது பழைய ஒலிப்பதிவு, காலஞ்சென்ற அறிவிப்பாளர் யோகராஜின் குரல் என்று அவள் தெளிவாகச் சொன்னாள். முடிந்த பிறகு இன்னொரு தடவையும் சொன்னாள்.

அப்படியும் ஓடினார்கள்.

அவள் உடனே நிகழ்ச்சியை நிறுத்தி, கேட்டது பழைய ஒலிப்பதிவு என்றும் இன்றைக்கு எந்த எச்சரிக்கையும் விடப்படவில்லை என்றும் அறிவித்தாள். பாட்டுக்கு நடுவே திரும்பத் திரும்ப அறிவித்தாள். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ரிஸ்கான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினான். அவன் கீழே கைத்தொலைபேசி திருத்தும் கடையும் வைத்திருந்தான். நிலையம் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே கம்பி இழுத்தவன். மாலை மங்கும்வரை ஒருவரும் லயங்களுக்குத் திரும்பவில்லை. ஓடும்போது வேலாயி என்ற கொழுந்து எடுக்கும் பெண் படிக்கட்டில் சறுக்கி, மணிக்கட்டு முறிந்துவிட்டது என்ற செய்திதான் வந்தது.

பஸீஹா குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

வகுப்பறைகளில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுச் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஈரச் சாக்கின் மணம். வேலாயி கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு ஒரு மூலையில் இருந்தாள். பஸீஹாவைக் கண்டதும் ஏசுவாள் என்று பார்த்தால், உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். அது ஏச்சைவிடச் சுட்டது.

யோகராஜின் மனைவி யசோதா ஜன்னலருகே நின்றாள். முதலில் ஓடியவள் அவள்தான் என்று சொல்லியிருந்தார்கள். பஸீஹா அவளிடம் போய், நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, அது பழைய நாடா என்பதை விளக்கத் தொடங்கினாள்.

"தெரியுமுங்க தங்கச்சி," என்றாள் யசோதா. "பழசுன்னு நீங்க சொன்னதயும் கேட்டோம்."

"கேட்டுட்டா ஓடி வந்தீங்க?"

"அவரு செத்துட்டாருன்னு எனக்கு நீங்க சொல்லணுமா? குளிப்பாட்டுனது நான்." யசோதா ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள். முகில் மூடி, மலை இருக்கும் இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. "இத்தன வருசமா வாயத் தொறக்காதவரு, இந்த மழையில, இந்த நேரம் பாத்து வந்து எந்திரிங்கன்னு சொல்றாரு. சும்மா சொல்லுவாரா?"

பின்னாலிருந்த ஒருத்தி, உசிரோட இருக்கையில அந்த மனுசன் சொன்னத நீ என்னைக்காவது கேட்டியா என்று கேட்டாள். நான்கைந்து பெண்கள் சிரித்தார்கள். யசோதாவும் சிரித்தாள்.

"அதுக்குத்தான் இப்பவாச்சும் கேப்போம்னு வந்தேன்," என்றாள். பிறகு சிரிப்பு அடங்கிப் போனது. "வெளிப்படையா சொல்லிப்புடுறேன் தங்கச்சி. அவரு போங்கன்னாரு, வந்துட்டோம். திரும்பிப் போங்கன்னும் அவரே சொல்லட்டும். மத்தவங்க சொல்லி நாங்க போக மாட்டோம்."

வீட்டுக்கு நடந்து வரும்போது பஸீஹாவுக்கு அந்த வார்த்தைகளை மனத்திலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. முட்டாள்தனம் என்று சொல்லிப் பார்த்தாள். சொன்னவுடன் வேறொன்று எழுந்தது. போன வருடப் புயலில் மண் சரிந்து, அவளுடைய சாச்சியின், உம்மாவின் தங்கையின் வீடு இருந்த இடத்தில் வாசல் படலை மட்டும் நின்றது. அதற்கடுத்த நாட்களில் காணாமற் போனவர்களின் பெயர்களை வானொலியில் வாசித்தவள் அவள்தான். சாச்சியின் பெயர் வந்தபோது அதையும் வாசித்தாள், அதே சீரான குரலில். அன்றைக்குப் பிறகு மழை வலுக்கும்போதெல்லாம் அவளுக்கு நிகழ்ச்சிக்கு நடுவில் திடீரென்று பேச்சு நின்றுவிடும். வானொலியில் அப்படி மௌனம் விழக்கூடாது. ரிஸ்கான் அதை அறிந்து, ஒரு பாட்டைத் தயாராகவே வைத்திருப்பான்.

மறுநாள் காலை தோட்டத்தின் நிர்வாகியான துரை நிலையத்துக்கு வந்தார். கிராம சேவகரும் கூட வந்தார். இருவரையும் நிலையத்தின் தலைவர் நபீல் சேர் கதிரைகளில் உட்கார வைத்துவிட்டு, தான் கதவோரம் நின்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர். யாரிடமும் உரத்துப் பேசாதவர். பயந்தால் சட்டைப் பையிலுள்ள பேனையை எடுத்து எடுத்து வைப்பார். அன்று அது பையில் நிற்கவேயில்லை.

துரை கோபப்படவில்லை, அதுதான் பஸீஹாவைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. மழை விட்டுவிட்டது, கொழுந்து முற்றிப் போகிறது, பள்ளிக்கூடத்தில் பரீட்சை தொடங்க வேண்டும் என்று உடைந்த தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னார். புயலுக்குப் பிறகு மலையைச் சோதித்த அதிகாரிகள் மேல்கணக்கைக் கவனித்து வரவேண்டிய இடம் என்றுதான் சொன்னார்களே தவிர, காலி செய்யச் சொல்லவில்லை என்றார். அவர்களை மறுபடி கூப்பிட்டுப் பார்ப்போம் என்று பஸீஹா சொன்னாள். கூப்பிட்டாயிற்று, அவர்கள் வேறெங்கோ மண் சரிந்த இடத்தில் நிற்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது என்றார் கிராம சேவகர்.

பிறகு துரை, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தான் கண்டுபிடித்தது போலச் சொன்னார். அந்த மனிதனின் குரல்தானே அவர்களுக்கு வேண்டும். அந்தக் காலத்தில் ஆபத்து நீங்கிய பிறகு திரும்பிப் போகச் சொல்லியும் அவர் அறிவித்திருப்பாரே. அந்த நாடா உங்களிடம் இருக்கும். அதைப் போடுங்கள்.

இருந்தது. யோகராஜின் எச்சரிக்கை இருந்த அதே நாடாவில், கொஞ்சம் தள்ளி. அதைத்தான் பஸீஹா அடுத்த புதனுக்கு என்று எடுத்து வைத்திருந்தாள்.

துரை எழும்போது, பொதுமக்களைப் பீதிப்படுத்திய நிலையம் ஒன்றின் அனுமதிப்பத்திரம் பற்றிக் கொழும்பில் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் நபீல் சேரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய சப்பாத்தின் சேறு நிலத்தில் கிடந்தது. நபீல் சேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸீஹா, நான் பொய் சொல்லச் சொல்லல்ல," என்றார். "பழைய நாடாண்டு முதல்ல சொல்லிட்டே போடுங்க. புதன்கிழமயும் அப்பிடித்தானே போட்டீங்க. அது சரியெண்டா இது எப்பிடிப் பிழ?"

அவர் சொன்னதில் ஓர் ஓட்டையும் இல்லை. முன்னுரையைச் சொல்லலாம், தேதியைச் சொல்லலாம், பின்னுரையும் சொல்லலாம். சனங்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். கேட்டுவிட்டு, செத்தவர் கூப்பிடுகிறார் என்று எழுந்து போவார்கள். யசோதா பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போவாள்.

"மல வந்தா, சேர்?"

பேனை மறுபடி பையிலிருந்து வெளியே வந்தது. "வராது," என்றார் நபீல் சேர். "வரக்கூடாது." அவர் அதை துஆ போல, பிரார்த்தனை போலச் சொன்னார். பின்னேர அசர் தொழுகைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பஸீஹா உள்ளறையில் தனியே உட்கார்ந்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, நாடாவை ஓடவிட்டாள்.

"மேல்கணக்கு சனங்களே, யோகராஜ் பேசுறேன். மண்ணு நின்னுருச்சு. வீட்டுக்குத் திரும்பி வாங்க. அவசரப்பட வேணாம், வெளிச்சத்தோட வாங்க."

மறுபடி கேட்டாள். மறுபடியும். பேச்சு மனப்பாடமான பிறகுதான் பேச்சுக்குப் பின்னால் இருந்தவை காதில் விழுந்தன. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. மரக்கதவு ஒன்று முனகியது. எல்லாவற்றுக்கும் அடியில், விடாமல், தண்ணீர் கல்லில் விழும் ஓசை. நாடாவின் இரைச்சல் என்று அவள் முதலில் நினைத்தது அதைத்தான்.

அவள் கண்ணாடியைத் தட்டி ரிஸ்கானை உள்ளே கூப்பிட்டாள். அவன் கருவியின் ஒரு பக்கத்தைக் காதில் வைத்துக் கேட்டான்.

"இது இங்க எடுத்தது இல்லியே," என்றான். "மேல்கணக்குப் பீலி. அவர் அங்க நிண்டுதான் டெலிபோன்ல கோல் எடுத்துச் சொன்னார். நான் இங்க இருந்து டெலிபோன மைக்குக்குப் பிடிச்சேன், கை வலிச்சிப் போச்சு."

ஏன் இங்கே வந்து சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"அது அவர்ட வழக்கம். ஓடுங்கண்டு எங்கருந்தும் சொல்லுவார். திரும்பி வாங்கண்டு சொல்றதெண்டா அங்க போவார். ஒரு முற மழைக்குள்ள போய் ரெண்டு நாள் இருந்துட்டு, ஒண்டும் சொல்லாமலே திரும்பி வந்தார். என்ன யோகராஜண்ண, அறிவித்தல் எங்கண்டு கேட்டேன். இன்னும் பயமா இருக்குடா, பயம் போகட்டும்னார்." ரிஸ்கான் கருவியைக் கழற்றினான். "அவருக்கென்ன, வீடே அங்கதானே. நாங்க போகவா போறோம்?"

அவன் அதை விளையாட்டாகத்தான் சொன்னான். பஸீஹா அவனைப் பார்த்த விதத்தில் அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"நாடாவப் போட வேணாம்," என்றாள். "நான் கோல் எடுக்கிறேன். எடுத்த உடனே என்னக் காத்துல விடுங்க."

"உங்களுக்கு மழ பெஞ்சாலே பேச்சு வராதே ராத்தா."

"மழ விட்டுட்டுது தானே."

முச்சக்கர வண்டி பள்ளிக்கூடம்வரைதான் போனது. அதற்கு மேலே படிக்கட்டு. யசோதா வாசலில் நின்றாள், யாரோ சொல்லியிருக்க வேண்டும். தானும் கூட வருகிறேன் என்றாள். பஸீஹா வேண்டாம் என்றாள். யசோதா வற்புறுத்தவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்தாள்.

"பூட்டாம ஓடியாந்துட்டேன். போறதுதான் போறீங்க, பூட்டிட்டு வந்துருங்க. ஆமப்பூட்டு கொண்டியிலயே தொங்கும். லேசான கதவு, ஒரு விரலால தள்ளுனா சாத்திக்கும்."

படிகள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறின. மழை இல்லை, காற்றும் இல்லை. ஒவ்வோர் இலையிலிருந்தும் நீர் சொட்டியது. பஸீஹா மேலே பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். மலை முதுகுக்குப் பின்னால் நிற்கும் ஆள் போல அவளுக்கு முன்னால் நின்றது. இந்த நேரத்தில் அது நகர்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்து வைத்தாள். எந்தப் பக்கமும் ஓட முடியாது என்று தெரிந்த பிறகும் பார்த்தாள். வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது. பாதியில் மறந்து மறுபடி தொடங்கியது.

லயத்தை நெருங்கும்போது ஆட்கள் பேசுவது கேட்டது.

அவள் நின்றாள். ஒருவரும் திரும்பவில்லை என்றார்களே. ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறிக் கேட்டன, பிறகு பாட்டு. குன்றொலியின் விளம்பரம் வந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஓடியவர்கள் வானொலிகளை நிறுத்தவில்லை. நேற்றுப் பின்னேரத்திலிருந்து அந்த நீண்ட லயத்தின் எல்லாக் காம்பராக்களிலும் அவை பாடிக்கொண்டிருந்தன. கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வாசலில் ஒற்றைச் செருப்பு. ஓர் அடுப்பருகே பிசைந்த ரொட்டி மா தட்டால் மூடியபடி. ஆளில்லாத அறைகளுக்கு அவளுடைய நிலையம் இரவு முழுவதும் சளைக்காமல் பேசியிருக்கிறது. ஜனாஸா அறிவித்தலையும் பஸ் நேரத்தையும் சொல்லியிருக்கிறது. எச்சரிக்கை எதுவும் இல்லை என்று அவள் சொன்னதையும் இந்தச் சுவர்களே கேட்டிருக்கின்றன.

ஏதோ ஒன்று குறைகிறது என்று அவளுக்குத் தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. வானொலிகளுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு லயத்தின் கோடிக்குப் போய்ப் பார்த்தாள்.

பீலியில் தண்ணீர் விழவில்லை.

மூங்கில் குழாய் ஈரமாக இருந்தது, கீழே கல்லில் பாசி பச்சையாக இருந்தது. இத்தனை மழைக்குப் பிறகு, நாடாவில் கல்லைக் குடைந்துகொண்டிருந்த அந்தத் தண்ணீர் வரவில்லை. அது மலைக்குள் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. எங்கே என்று நினைத்தபோது அவளுடைய உள்ளங்கால்கள் கூசின. யாரோ அடைப்பு எடுக்க மறந்திருக்கலாம் என்று தனக்குச் சொன்னாள். ஓர் இலை அடைத்திருக்கலாம். குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் அடைக்கவில்லை.

யசோதாவின் காம்பரா இப்போது மிஞ்சி நிற்பவற்றில் கடைசிக்கு முந்தியது. சுவரில் மாலை காய்ந்த யோகராஜின் படம் இருந்தது. பஸீஹா உள்ளே போகவில்லை. பூட்டிவிட்டு, கோல் எடுத்து, ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கினால் போதும் என்றிருந்தது. என்ன சொல்வதென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. அசருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பரீட்சை, கொழுந்து, கொழும்பிலிருக்கும் ஆட்கள், நபீல் சேரின் பேனை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒரு பீலி வற்றியதற்காகவா இத்தனை சனத்தைத் தெருவில் வைப்பாய் என்று துரை கேட்பார்.

கதவை ஒரு விரலால் தள்ளினாள்.

அது பாதியில் நின்றது. கையால் தள்ளினாள். தோளால் தள்ளினாள். கதவின் மேல் மூலை நிலையில் இடித்து நின்றது. கீழே நாய் நுழையும் அளவுக்கு இடைவெளி. கொண்டி ஒரு பக்கமும் அது மாட்ட வேண்டிய வளையம் இன்னொரு பக்கமுமாக விலகி நின்றன. அவள் கதவைப் பிழை சொன்னாள், மழையில் பலகை ஊதியிருக்கும் என்று நினைத்தாள். நினைத்தபடியே பக்கத்துக் காம்பராவின் கதவைச் சாத்திப் பார்த்தாள். அதுவும் சாத்தவில்லை. அதற்கடுத்ததும் சாத்தவில்லை. மூன்று கதவுகளும் ஒரே பக்கம், ஒரே மூலையில் இடித்தன. பலகை ஊதினால் அப்படி இடிக்காது. வீடுகள்தான் சாய்ந்திருந்தன. சத்தமே இல்லாமல், பாட்டுப் போட்டபடி.

யசோதாவின் வாசலுக்குத் திரும்பி வந்து தொலைபேசியை எடுத்தாள். ரிஸ்கான் உடனே எடுத்தான்.

"விடவா?"

"விடுங்க."

பாட்டு நின்றது. கையிலிருந்த தொலைபேசியில் நிற்பதற்கும் அறைகளில் நிற்பதற்கும் நடுவே ஒரு கணம் இருந்தது. பிறகு லயம் முழுவதும் ஒரே நேரத்தில் அமைதியானது. இத்தனை நேரமும் வானொலிகள் மூடி வைத்திருந்த அமைதி அது. அதற்குள்ளே, மிக மெல்ல, எங்கோ சுவருக்குப் பின்னால் மண் உதிர்ந்தது. ஒரு பிடி அரிசியைச் சுளகில் போடுவது போல. நின்றது. மறுபடி உதிர்ந்தது.

பஸீஹாவுக்குப் பேச்சு வரவில்லை. காற்றில் மௌனம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலும், கடைத்தெருவிலும், துரையின் பங்களாவிலும் போய்க்கொண்டிருந்தது. ரிஸ்கான் பாட்டைப் போடவில்லை. அவன் காத்திருந்தான்.

"மேல்கணக்கு சனங்களே," என்றாள்.

ஒரு கணம் கழித்து எல்லா அறைகளிலிருந்தும் அவளுடைய குரல் அவளைக் கூப்பிட்டது. அது வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் படத்திலிருந்த யோகராஜைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"பஸீஹா பேசுறேன். நான் இப்ப யசோதாக்காட வாசல்ல நிக்கிறேன். பீலியில தண்ணி வரல்ல. கதவுகள் சாத்துப்படுதில்ல, மூணு வீட்டுலயும் பாத்துட்டேன். சுவருக்குப் பின்னால மண்ணு கொட்டுற சத்தம் கேக்குது. யாரும் திரும்பி வராதீங்க. சாமான் எடுக்கவும் வராதீங்க." மூச்சு வாங்கினாள். "இது பழைய நாடா இல்ல. யோகராஜண்ண சொல்லவும் இல்ல. நான் சொல்றேன். எனக்குப் பயமா இரிக்கி."

வேறென்ன சொல்வதென்று தெரியாமல் தொலைபேசியை அணைத்தாள்.

இறங்கும்போது ஓடக்கூடாது என்று சொல்லிக்கொண்டு இறங்கினாள். படிகள் வழுக்கின. சாவி உள்ளங்கையில் அழுந்தி வலித்தது. முதல் வளைவுக்கு வருவதற்குள் ரிஸ்கான் அந்த அறிவித்தலைப் பதிவிலிருந்து மறுபடி போட்டான். இனி அன்று முழுவதும் அவன் அதைத்தான் போடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. மேலே, யாருமில்லாத அத்தனை அறைகளிலிருந்தும் அவள் குரல் அவளுடைய முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்தது. யாரும் திரும்பி வராதீங்க என்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.